அம்மாவோடு கதைக்க மாட்டேன் என்கிற மகள்

கேள்வி:

"என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா. மைக்ரோ கடனில் மாட்டி, வேறு வழியில்லாமல் போனவ. நாலரை வருடமாகிறது, நடுவில் ஒருமுறை வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போனா. கடன் முடிந்துவிட்டது. இப்போது வீடு கட்டுகிறோம், நான் மேசன் என்பதால் கூலி மிச்சம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 10. மாமியார் எங்களோடுதான் இருக்கிறா, ஆனால் முழங்கால் வருத்தம், அதிகம் நடக்க ஏலாது. மகள் நல்ல பொறுப்பான பிள்ளை, சமையல், தம்பியை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் அவள்தான். போன வருடம் பெரியபிள்ளையானாள், ஒரு குறையும் இல்லாமல் செய்தோம், தாய் அதற்கென்று தனியாகக் காசு அனுப்பினா. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் தாயோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். இமோவில் அழைப்பு வந்தால் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போகிறாள். ஏசியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். உனக்காகத்தானே அம்மா அங்கே கிடந்து கஷ்டப்படுறா என்றால், நான் போகச் சொல்லவில்லையே என்கிறாள். பள்ளிக்கூடத்திலும் புள்ளி குறைந்துவிட்டது. மனைவி இரவிரவாக அழுகிறா. இன்னும் நாலு மாதத்தில் அக்ரிமென்ட் முடிகிறது, வேலை செய்கிற வீட்டு மடம் (எஜமானி) இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லிக் கேட்கிறாவாம். வீட்டுக்குப் பூச்சும் நிலம் போடுவதும் மிச்சம் இருக்கிறது. மகளை எப்படித் தாயோடு கதைக்க வைப்பது? நன்றி கெட்ட பிள்ளையாகப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது."

மட்டக்களப்பு, படுவான்கரையிலிருந்து ஒரு தகப்பன்

பதில்:

தம்பி, முதலில் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து மகளை போனுக்கு முன்னால் இழுத்து இருத்துவதை நிறுத்துங்கள். ஏசவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அழைப்பு வந்தால் "அம்மா எடுக்கிறா, கதைக்கிறியா?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். இல்லை என்றால் சரி என்று விட்டுவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல். கதைக்க வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு விஷயம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது, எனக்கு அவைதான் பெரிதாகப் படுகின்றன. ஒன்று சமையல். மற்றது பெரியபிள்ளையான சடங்கு.

சமையலை எடுங்கள். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குகிறது. அதற்கு முன் சோறு, ஒரு கறி, ஒரு சம்பல், தம்பிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, அம்மம்மாவுக்குச் சுடுதண்ணி வைத்து, தானும் குளித்துத் தலையிழுத்து வெளிக்கிட வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகிறாள்? நாலரை, மிஞ்சினால் ஐந்து. இரண்டு மணிக்கு வந்தால் பாத்திரம் கிடக்கும், உடுப்புக் கிடக்கும், பின்னேரம் ரியூசன் இருந்தால் அதற்கும் போக வேண்டும், வந்து இரவுச் சாப்பாடு, தம்பியின் வீட்டுப்பாடம், பிறகுதான் தன்னுடைய கொப்பி. புள்ளி குறைந்ததைத் தனியாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், பொறுப்பான பிள்ளை என்பதைத் தனியாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவி குவைத்தில் ஒரு வீட்டைக் கூட்டி, சமைத்து, பிள்ளை பார்த்து, வயதானவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். அதே வேலையை உங்கள் மகள் படுவான்கரையில் செய்கிறாள், சம்பளமும் இல்லை, அக்ரிமென்ட் முடிகிற திகதியும் இல்லை. 13 வயதில்.

தாய் வெளிநாடு போன எத்தனையோ குடும்பங்களோடு இந்த மாவட்டத்தில் நான் வேலை செய்திருக்கிறேன், அநேகமாக எல்லா வீட்டிலும் மூத்த பெண்பிள்ளையைப் பற்றி இதே சொல்லைத்தான் சொல்வார்கள்: பொறுப்பான பிள்ளை. அன்பாகத்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அப்படிப் பெயரெடுத்த பிள்ளைக்கு "எனக்கு ஏலாது" என்று சொல்ல வழியே இல்லாமல் போய்விடுகிறது. அம்மம்மாவிடம் சொன்னால் கிழவி அழுவா, உங்களிடம் சொன்னால் வேலையால் களைத்து வந்த அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பாள், தம்பி சின்னவன். முடியாது என்று அவளால் சொல்லக்கூடியதாக மிச்சமிருந்தது அந்த போன் ஒன்றுதான், அங்கே சொல்கிறாள்.

இன்னொன்றையும் ஊகிக்கிறேன், பிழையென்றால் விட்டுவிடுங்கள். மனைவி அழைத்ததும் மகளிடம் என்ன கேட்பார்? தம்பி சாப்பிட்டானா, அம்மம்மாவுக்கு மருந்து கொடுத்தியா, வாசல் கூட்டினியா, கேஸ் முடிந்துவிட்டதா, அப்பா எத்தனை மணிக்கு வந்தார். தூரத்தில் இருக்கிற தாய்க்கு வீடு எப்படி ஓடுகிறது என்று அறியாமல் நெஞ்சு ஆறாது, அதனால் கேட்கிறார், அதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளையின் காதில் அது கணக்குக் கேட்பதாகத்தான் விழும். தம்பியோடு விளையாட்டுக் கதை, அவளோடு கணக்கு. நீ எப்படியிருக்கிறாய், யாரோடு கூட்டு, எந்தப் பாட்டு இப்போது பிடிக்கும் என்று கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று மனைவியிடமே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே தம்பி, முதல் மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது. காலைச் சமையலை நீங்கள் எடுங்கள். உதவி செய்கிறேன் என்று வெங்காயம் உரித்துக் கொடுப்பதைச் சொல்லவில்லை, முழுப் பொறுப்பும் உங்களுடையது, என்ன கறி என்று யோசிப்பது முதல் பானை கழுவுவது வரை. சீமெந்துக்கு மணல் அளவு தெரிந்த கைக்கு அரிசிக்குத் தண்ணி அளவு பிடிபட ஒரு கிழமை போதும். தம்பியை வெளிக்கிடுத்துவதும் நீங்கள். பத்து வயதுப் பையன் தன் உடுப்பைத் தானே தோய்க்கலாம், அதையும் பழக்குங்கள், அவன் ஆம்பிளைப் பிள்ளை என்று விடாதீர்கள். மகளுக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும், எல்லாப் பிள்ளைக்கும் இருப்பதுபோல. பின்னேரம் அவளுக்கு ஒரு மணித்தியாலம் சும்மா இருக்கிற நேரம் கிடைக்க வேண்டும், படிக்கவும் அல்ல, சும்மா. மனிசி உழைக்க மனிசன் ஆக்கிப்போடுகிறான் என்று ஊர் கதைக்கும். கதைக்கட்டும். கதைக்கிறவர்கள் யாரும் நாலரை மணிக்கு வந்து அடுப்பு மூட்டப் போவதில்லை.

இனிச் சடங்குக்கு வருகிறேன். குறையில்லாமல் செய்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தல், சாப்பாடு, சாரி, வீடியோ எல்லாம் இருந்திருக்கும். நான் கேட்பது அதற்கு முந்திய விஷயம். முதல் நாள் அவள் யாரிடம் சொன்னாள்? பள்ளிக்கூடத்திலா ஆனது, வீட்டிலா? நம் பக்கத்தில் காலை ஏழு மணி என்றால் குவைத்தில் நாலரை, தாய் நித்திரை; பத்து மணி என்றால் அங்கே காலைச் சாப்பாட்டு வேலை உச்சத்தில் இருக்கும், போனைத் தொட விடமாட்டார்கள். தாய்க்கு அந்தச் செய்தி எப்போது போனது, யார் சொன்னது, மகள் தன் வாயால் சொன்னாளா அல்லது மாமியோ சித்தியோ சொல்லிவிட்டார்களா? துணி வைப்பது எப்படி, வயிற்றுக்குள் குத்தினால் என்ன செய்வது என்று யார் காட்டிக் கொடுத்தது? உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்க ஊரில் ஆள் இருந்திருக்கும், பயப்படாதே என்று பக்கத்தில் படுத்திருக்க ஆள் இருந்ததா?

பிறகு தண்ணி வார்க்கிற அன்று யாரோ ஒரு ஆள் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார், திரையில் அம்மா அழுதுகொண்டிருப்பா, ஒவ்வொருவராக வாங்கி "இந்தா பாருங்கோ உங்கட மகளை" என்று காட்டியிருப்பார்கள், சிக்னல் நின்று நின்று வந்திருக்கும், பிள்ளை சாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றிருப்பாள், ஏனென்றால் கமரா பார்க்கிறது. நான் பார்த்த பல சடங்குகளில் இதுதான் நடந்தது. உங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்திருந்தால் நல்லது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கதை நின்றது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த நாளில் அம்மா வருவா என்று அவள் மனதுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருக்கலாம், யாரிடமும் சொல்லாமல். காசு வந்தது, அம்மா வரவில்லை. இதற்குக் கோபம் வராத பிள்ளை இருந்தால்தான் நான் யோசிப்பேன்.

தம்பி மட்டும் சந்தோஷமாகக் கதைக்கிறானே என்று நினைப்பீர்கள். அவனுக்கு ஐந்து வயது முடிந்தவுடன் தாய் போய்விட்டா, அவனுக்குத் தெரிந்த அம்மா பெரும்பாலும் போனுக்குள் இருக்கிற அம்மாதான், அதில் அவனுக்குக் குறையே தெரியாது. மகளுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. தலை வாரிவிட்ட கையும், பக்கத்தில் படுத்த சூடும், அடித்த அடியும் எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. இழந்தது என்னவென்று தெரிந்தவள் அவள்தான். இதை நன்றி கெட்ட குணம் என்று சொல்லாதீர்கள், அந்தச் சொல் இனி உங்கள் வாயில் வரவே கூடாது. "உனக்காகத்தானே" என்பதும் வேண்டாம். ஒரு பிள்ளையின் தலையில் அது கடன் மாதிரி ஏறும், கட்டி முடிக்க முடியாத கடன், நுண்கடன் வாங்கித் தவித்த உங்களுக்கு அந்த உணர்வு தெரியும். அவள் சொன்ன பதில், நான் போகச் சொல்லவில்லையே என்பது, உண்மைதான். அவள் போகச் சொல்லவில்லை. கடனை வாங்கியதும் போக முடிவெடுத்ததும் பெரியவர்கள். அதை அவளிடம் ஒத்துக்கொள்ளுங்கள்: "நீ சொன்னது சரி மகள், அது அப்பாவும் அம்மாவும் எடுத்த முடிவு, உன்னைக் கேட்கவில்லை." இதைச் சொல்லிவிட்டு "ஆனால்" என்று தொடங்கிவிடாதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

இதோடு ஒரு கஷ்டமான விஷயத்தையும் கேட்டேயாக வேண்டும், என் தொழிலில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. 13 வயதுப் பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், படிப்பில் விழுந்தால், அதற்குப் பின்னால் வேறு ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் நீங்கள் வேலைத்தலத்தில், மாமியார் எழும்பி நடக்க ஏலாதவர். வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள்? உறவுக்காரரா, கட்டட வேலைக்கு வருகிற ஆட்களா, ரியூசனுக்குக் கூட்டிப் போகிறவரா? யாரைக் கண்டால் அவள் அறைக்குள் போகிறாள்? நித்திரை, சாப்பாடு எப்படி? யார் மேலும் சந்தேகம் கிளப்பச் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் எழுதப்படவும் இல்லை. மகளை இருத்தி விசாரணை செய்யவும் வேண்டாம். "யாராவது உனக்குப் பிடிக்காத மாதிரி நடந்தால் என்னிடம் சொல்லு, உன்னில் பிழை சொல்ல மாட்டேன்" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். உங்களிடம் சொல்லக் கூச்சப்படுவாள் என்றால் அவள் நம்புகிற ஒரு பெண், சித்தியோ, வகுப்பு ரீச்சரோ, ஊர் மிட்வைஃப் மிஸ்ஸோ இருக்கட்டும். ஏதாவது தெரிய வந்தால் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சமாதானம் பேசாதீர்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், இலவசம், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். அந்த இலக்கம் மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி போன். நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். மனைவிக்கு வேலை முடிந்து படுக்கப் போகும்போது அங்கே பத்தரை என்றால் இங்கே இரவு ஒரு மணி. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, ஆனால் வீட்டுவேலைக்காரிக்கு அன்றுதான் விருந்தாளிகள். அப்படியென்றால் பிள்ளைகளோடு கதைக்கிற நேரமெல்லாம் களவாக எடுத்த பத்து நிமிடம்தான், பின்னால் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பதற்றத்தோடு. அந்தப் பதற்றம் இந்தப் பக்கமும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் நித்திரை கொள்கிற மூன்று மணியளவில் ஒரு அரைமணி நேரம் கிடைக்குமா என்று மனைவி மடத்திடம் வாய்விட்டுக் கேட்கட்டும். நின்றுவிடு என்று கேட்கிற மடம் இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு இருக்கிறது. இங்கே அது ஐந்தரை மணி. அந்த நேரம் மகள் அடுப்படியில் நிற்கக் கூடாது, அதனால்தான் சமையலை முதலில் சொன்னேன்.

ஆனாலும் நேரடிக் கதை இப்போதைக்கு அவளிடம் எதிர்பார்க்க வேண்டாம். குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். மகளுக்கென்று தனியாக, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அதில் புத்திமதி இல்லை, கணக்கு இல்லை, அழுகை இல்லை. இன்று அங்கே மழை பெய்தது, நான் வேலை செய்கிற வீட்டுச் சின்னப்பிள்ளை இப்படிச் சொன்னது, நான் உன் வயதில் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு குழப்படி செய்தேன். பதில் கேட்காமல் அனுப்ப வேண்டும். அவள் கேட்டாளா இல்லையா என்று நீங்கள் எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரு பதிவில் மட்டும், தயாரானபோது, சடங்கைப் பற்றி மனைவி சொல்லட்டும்: அன்று நான் உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை, உனக்குக் கோபம் இருந்தால் எனக்கு விளங்குகிறது. அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு மாதம் போகலாம், மூன்று மாதமும் போகலாம். முதல் பதில் ஒரு சொல்லாகத்தான் வரும், "ம்" என்று வரும், அதைப் பிடித்துக்கொண்டு உடனே அழைப்பு எடுத்துவிடாதீர்கள். போன், செயின், புது உடுப்பு என்று சாமான் அனுப்பிச் சமாதானம் செய்வதும் வேண்டாம், அதைத்தானே சடங்கில் செய்து பார்த்தாயிற்று.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் அழுகிறவரிடம் "மகள் இன்றைக்கும் கதைக்கவில்லை" என்ற செய்தியை நாள்தோறும் கொடுக்காதீர்கள். அந்த அறையில் அவரைத் தேற்ற ஒருவரும் இல்லை, விடிந்தால் இன்னொருவர் பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டும். நான் சமைக்கத் தொடங்கிவிட்டேன், மகளின் சுமை குறைந்திருக்கிறது என்ற செய்தியைக் கொடுங்கள். அதுதான் அவருக்கு நித்திரை தரும்.

மகனையும் மறக்காதீர்கள். இலங்கையில் பெற்றோர் வெளிநாட்டில் வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்தில் இரண்டு பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல் கண்டறியப்பட்டது, பெண்பிள்ளைகளை விட ஆண்பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டு திரிகிற பையனுக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே கணக்கில் ஐந்தில் மூன்று பிள்ளைகள் சமாளித்திருக்கிறார்கள் அல்லவா. என் அனுபவத்தில் சமாளிக்கிற வீடுகளில் பெரும்பாலும் ஒன்று பொதுவாக இருக்கும்: ஒரு பெரிய ஆள் வீட்டில் முழுப்பொறுப்பும் எடுத்திருப்பார், அது தகப்பனாகவும் இருக்கலாம், பெரியம்மாவாகவும் இருக்கலாம். தாய் போனது மட்டும்தான் காரணம் என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி உடைந்திருக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வீட்டுவேலைக்குப் போக முடியாது என்றது, 2022 இல் டொலர் இல்லாமல் நாடு விழுந்தபோது அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கேள்விக்கு அநேகமான வீடுகளில் அம்மம்மாவின் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள், முழங்கால் வருத்தக்கார அம்மம்மாவாக இருந்தாலும். தகப்பன் வெளிநாடு போகும்போது இப்படி ஒரு அறிக்கை யாரும் கேட்டதில்லை. பிள்ளை வளர்ப்பது தாயின் வேலை, தாய் இல்லாவிட்டால் இன்னொரு பெண்ணின் வேலை என்று அரசாங்கமும் ஊரும் சேர்ந்தே முடிவு கட்டிவிட்டன. அந்த முடிவு கடைசியில் போய் விழுகிற இடம் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளின் தோள்தான்.

சரி, இன்னும் இரண்டு வருடம். கேட்டீர்கள் என்றால் என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன்: மனைவி வர வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். போன காரணம் கடன், கடன் முடிந்துவிட்டது. இப்போது இருக்கிற காரணம் பூச்சும் நிலமும். அது முடிந்தால் மதில் வரும், மதிலுக்குப் பிறகு மகளின் சீதனம் வரும், படுவான்கரையில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை என்று எனக்கும் தெரியும். இப்படியே மூன்றாவது, நாலாவது அக்ரிமென்ட் என்று போய், பிள்ளை கலியாணம் கட்டிப் போகும்போது தாய் திரும்பி வந்த வீடுகள் உண்டு. நீங்கள் மேசன், பூசாத சுவருக்குள் இரண்டு மழைக்காலம் இருக்கலாம் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகளுக்கு இப்போது 13. இரண்டு வருடத்தில் சாதாரண தரப் பரீட்சை வாசலில் நிற்பாள். அந்த இரண்டு வருடம் திரும்ப வராது.

ஆனால் இது உங்களுக்கும் எனக்கும் முடிவெடுக்கிற விஷயமில்லை. உழைப்பவர் அவர். வந்தால் கையில் காசில்லாமல் இருக்க வேண்டுமே, திரும்பவும் கிழமைக்கிழமை கடன் அறவிட வருகிறவன் வாசலில் நிற்பானே என்ற பயம் அவருக்கு இருக்கலாம். மகள் முகம் கொடுக்காத வீட்டுக்கு எப்படி வருவது என்றும் இருக்கலாம். ஒரு நாள் பிள்ளைகள் இல்லாத நேரம் கதையுங்கள். கொப்பியை எடுத்து இரண்டு பேருமாகக் கணக்குப் போடுங்கள்: மாதம் என்ன வேண்டும், உங்கள் நாட்கூலியில் எவ்வளவு வரும், வேலையில்லாத மாரி மாதங்களில் என்ன செய்வது, கோழியோ தையலோ கடையோ அவர் இங்கே எதைச் செய்ய விரும்புகிறார். அனுப்பிய காசுக்கும் ஒழுங்காகக் கணக்குச் சொல்லுங்கள், கேட்காமலே.

குவைத்தில் 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை, ஒப்பந்தம் முடிகையில் வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று சொல்கிறது, கடவுச்சீட்டை வீட்டுக்காரர் பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மனைவி வருவதானால் அந்தச் சேவைக்காலக் காசைக் கேட்டு வாங்கித்தான் வெளிக்கிட வேண்டும், பூச்சு வேலையில் ஒரு பகுதி அதிலேயே முடியும். தரமாட்டோம் என்றால் குவைத்திலுள்ள நம் தூதரகத்தின் தொழில் பிரிவில் முறைப்பாடு செய்யலாம், நீங்கள் இங்கிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம், பிரதேச செயலகத்தில் அதற்கென்று அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பணியகத்தில் பதிந்து போனவர்களின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் உதவி இருக்கிறது, மகன் தரம் 5 என்றால் அதையும் அங்கேயே விசாரியுங்கள்.

இரண்டு பேரும் யோசித்து, இல்லை இன்னும் ஒரு தவணை போகத்தான் வேண்டும் என்று முடிவானால், அதையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்து வைக்க முன் அந்த 30 நாள் விடுமுறையில் வரட்டும், சடங்குக்கோ கலியாணத்துக்கோ அல்லாமல் சும்மா வீட்டில் இருக்க வரட்டும். கடைசித் தவணை இதுதான் என்று மாதமும் வருடமும் குறித்து, அதை மகளிடம் நேரில் சொல்லட்டும். "வீடு முடிந்ததும் வருவேன்" என்பது பிள்ளைக்குத் திகதி அல்ல. சொன்ன திகதி மாறவும் கூடாது.

அப்புறம், வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். விமானநிலையத்தில் மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க மாட்டாள். அடுப்படியில் யார் பெரியவள் என்று முதல் மாதம் முட்டுப்படும், நாலரை வருடமாக அவளுடைய அடுப்படி அது, உப்புப் போத்தலை இடம் மாற்றினால் கூடச் சண்டை வரும். மகன் இரவில் அம்மாவோடு படுக்கக் கூச்சப்படலாம். மனைவிக்கு நித்திரை, முதுகு, கை மூட்டு எல்லாம் கெட்டுப்போயிருக்கும், வந்த அடுத்த நாளே முழு வீட்டையும் அவர் தலையில் தூக்கி வைக்காதீர்கள், நீங்கள் பழகிய சமையலைத் தொடருங்கள். தாயும் மகளும் ஒன்றாகச் செய்ய ஒரு வேலை இருந்தால் நல்லது, எண்ணெய் வைத்துத் தலை வாருவது மாதிரி. கண்ணைப் பார்த்துக் கதைக்க முடியாத பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிறையக் கதைப்பார்கள்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், காசு இல்லை. முதலில் நீங்கள் தனியாகப் போங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய் "இவளுக்குத்தான் பிரச்சினை" என்று இருத்த வேண்டாம். ரியூசனைக் கூட்டுவதற்கு முன் வகுப்பு ரீச்சரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிலை மனைவிக்கு அனுப்புங்கள், சடங்கைப் பற்றிய பகுதியை அனுப்ப முன் நீங்கள் வாயால் கதைத்துவிட்டு அனுப்புங்கள், தனியறையில் அதை மட்டும் வாசித்தால் தாங்க மாட்டார். மகளிடம் இப்போது காட்ட வேண்டாம், தன்னைப் பற்றி ஊருக்கு எழுதிவிட்டீர்கள் என்று நினைப்பாள். ஒரு மாதம் சமைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அவள் எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்பதையும் சேர்த்து.